துருவுக்கு இரண்டு வீடு, நமக்கு இரண்டு துறை

கம்பங்கொல்லைக்குள் ஒரு நடை போய்விட்டு வெளியே வந்தால் சில மாதங்களில் வேட்டிக் கரையில் செம்பழுப்புத் தூள் அப்பியிருக்கும். தோகையை வழித்துப் பார்த்தால் அதே தூள் விரலில் ஒட்டும். துரு நோய் என்பது விவசாயிக்குத் தெரியும். கதிர் வாங்கிய பிறகுதானே வந்திருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிடுவார். வரப்புக்கு அந்தப் பக்கம் கத்திரித் தோட்டம் இருந்தால் அங்கே பார்க்கக் கிடைப்பது வேறு. இலையின் மேற்புறம் சற்றே மேடு தட்டிய மஞ்சள் வட்டங்கள். இலையைத் திருப்பினால் அந்த வட்டத்துக்கு நேர் அடியில், குண்டூசித் தலையைவிடச் சிறிய ஆரஞ்சு நிறக் கிண்ணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கிண்ணம் நிறைய நுண்தூள். தோகையில் இருக்கும் செம்பழுப்பையும் இந்த ஆரஞ்சுக் கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலும் இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒன்றுதான். கம்பைத் தாக்கும் துருப் பூஞ்சை தன் வாழ்க்கையின் ஒரு பாதியைக் கம்பிலும் மறு பாதியைக் கத்திரியிலும் கழிக்கிறது என்பதை டி.எஸ்.ராமகிருஷ்ணனும் சி.கே.சௌமினியும் 1948-லேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். ராமகிருஷ்ணன் கோயம்புத்தூரில் பயிர்நோய்களைப் பற்றி வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர்; சிறுதானிய நோய்கள் குறித்து அவர் எழுதிய நூல் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகிறது. கம்பின் தாளில் உருவாகும் கறுப்பு வித்து முளைத்து விடுகிற நுண்வித்து, கம்பின் மேல் விழுந்தால் வீண். கத்திரி இலையில் விழுந்தால்தான் அதற்குப் பிழைப்பு. கத்திரி இலைக் கிண்ணத்திலிருந்து கிளம்பும் வித்தோ கத்திரியை ஒன்றும் செய்வதில்லை. கம்பைத் தேடிப் போகிறது. புல்லினமான கம்புக்கும் கத்திரிக்கும் தாவரவியலில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கத்திரியின் காட்டு உறவுச் செடிகள் சிலவும் இந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கின்றன.

வேளாண் பட்டப்படிப்பில் இது இன்றும் ஒரு வரி. தேர்வில் கேட்டால் பிள்ளைகள் சரியாக எழுதிவிடுவார்கள். வகுப்பறையை விட்டு வயலுக்கு இந்த வரி எவ்வளவு தூரம் வந்தது என்பதுதான் கேள்வி. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு செடிகளில் மாறி மாறி வாழும் நோயை, ஒரு பயிரை மட்டுமே பார்க்கப் பழக்கப்பட்ட அமைப்பால் கண்காணிக்க முடியாது. நம்மிடம் இருப்பது அப்படிப்பட்ட அமைப்பு.

இந்த இரட்டை வாழ்க்கையை அடிமுதல் நுனிவரை படித்தறிய உதவியது கோதுமையின் தண்டுத் துரு. கோதுமைத் தண்டில் செந்நிறக் கொப்புளம் வெடித்து வித்து பறக்கும். அடுத்த கோதுமையில் விழுந்து, இலையில் பனியீரம் இருந்தால் முளைத்து, இரண்டு வாரத்துக்குள் அங்கேயும் கொப்புளமாகி வெடிக்கும். பருவம் முழுக்க இதே கதைதான்; ஒரே வித்து பெருகிப் பெருகிப் பரவுகிறது, குணத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் வேறுபாடு கிடையாது. கதிர் முற்றித் தாள் காயத் தொடங்கியதும் பூஞ்சை தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. சிவப்பு வித்துக்குப் பதிலாகத் தடித்த சுவருள்ள கறுப்பு வித்து. குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுவதையும் அது வயலில் கிடக்கும் தாளிலேயே தாங்கும். இளவேனிலில் முளைத்து மிக நுண்ணிய வித்துகளைக் காற்றில் விடும். அவற்றுக்குக் கோதுமை வேண்டாம். பார்பெரி என்ற முள்புதரின் தளிர் இலை வேண்டும்.

பார்பெரி இலையில் நடப்பதுதான் விஷயத்தின் கரு. இலையின் மேற்புறத்தில் சிறு சிறு குடுவைகள் தோன்றி இனிப்பான துளியைச் சுரக்கின்றன. அந்தத் துளியில் மிதக்கும் நுண்வித்துகள் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கலப்பு நடக்கும். இனிப்பைத் தேடி வரும் ஈயும் பூச்சியும் அதைச் செய்துவிடுகின்றன. கலப்பு முடிந்ததும் இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சுக் கிண்ணங்கள் வரிசைகட்டும். அவற்றின் வித்து திரும்பக் கோதுமைக்கு. ஆக மொத்தம் ஐந்து விதமான வித்துகள், இரண்டு செடிகள், ஒரு சுற்று. கோதுமையில் பூஞ்சை பெருகுகிறது. பார்பெரியில் கலந்து புதிதாகிறது. நேற்றுவரை துருவைத் தாங்கி நின்ற கோதுமை ரகம் இன்று திடீரென்று வீழ்ந்தால், அந்தப் புதுக் குணம் பெற்ற பூஞ்சை எங்கோ ஒரு பார்பெரிப் புதரில் பிறந்ததாக இருக்கலாம். பார்பெரி அதற்குப் பிறந்த வீடு, கோதுமை புகுந்த வீடு.

இதையெல்லாம் அறிவியல் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே விவசாயிகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். பார்பெரி வேலிக்கு அருகில் இருக்கும் கோதுமைதான் முதலில் கருகுகிறது என்று ஐரோப்பிய உழவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஜாம் செய்யவும் சாயம் எடுக்கவும் வேலி கட்டவும் பார்பெரியைக் கையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோன குடியேறிகளும் அதையே கண்டார்கள். கனெக்டிகட் 1726-லும் மாசசூசெட்ஸ் 1755-லும் பார்பெரியை அழிக்கச் சட்டம் போட்டன. படித்தவர்கள் நம்பவில்லை. அவர்களுக்கு அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. பார்பெரி இலையில் இருப்பதற்கும் கோதுமைத் தண்டில் இருப்பதற்கும் தோற்றத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டித் தனித்தனிப் பூஞ்சைகளாகவே புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷோலர் என்ற டென்மார்க் பள்ளி ஆசிரியர், துருப்பிடித்த பார்பெரிக் கிளையைக் கொண்டுபோய்க் ரை என்கிற தானியப் பயிரின் மேல் தேய்த்து, நோய் வருவதைக் காட்டினார். அப்போதும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1865-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி ஒழுங்கான சோதனையாகச் செய்துகாட்டிய பிறகுதான் விவகாரம் முடிந்தது. கனெக்டிகட் சட்டத்துக்கும் டி பாரிக்கும் இடையில் ஏறத்தாழ 140 ஆண்டுகள். பார்பெரி இலையின் இனிப்புத் துளி எதற்கு என்று தெரிய மேலும் 62 ஆண்டுகள் ஆயின. 1927-ல் கனடாவின் வின்னிபெக்கில் ஜே.எச்.கிரேகி ஒரு வட்டத்தின் துளியை எடுத்து இன்னொரு வட்டத்தில் சேர்த்தார். சேர்த்தவற்றில் கிண்ணங்கள் வந்தன. சேர்க்காமல் மூடிவைத்தவற்றில் வரவில்லை. இவ்வளவு எளிய சோதனைக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது!

1916-ல் வட அமெரிக்கக் கோதுமை வயல்களைத் தண்டுத் துரு சூறையாடியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ரொட்டி என்பது போர்த் தளவாடத்துக்குச் சமம். 1918-ல் அமெரிக்க வேளாண் துறையும் கோதுமை விளையும் 13 வடமத்திய மாநிலங்களும் சேர்ந்து பார்பெரி ஒழிப்பில் இறங்கின. வீடு வீடாக, வேலி வேலியாகத் தேடினார்கள். வெட்டினால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது என்று கண்டதும் புதரின் அடியில் கல்லுப்பைக் கொட்டினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பார்பெரியைக் கண்டுபிடித்துச் சொல்லும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மினசோட்டாவின் ஈ.சி.ஸ்டேக்மன் இந்த இயக்கத்தின் முகம். அவருடைய மாணவர்தான் பிற்பாடு மெக்ஸிகோவில் கோதுமைப் புரட்சி செய்த நார்மன் போர்லாக். வேலை சில ஆண்டில் முடியவில்லை, அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. பல கோடிப் புதர்கள் போயின.

பலன்? தண்டுத் துரு ஒழியவில்லை. தெற்கே மெக்ஸிகோ, டெக்ஸஸ் பக்கம் குளிர்காலத்துக் கோதுமையில் தங்கிக்கொண்டு, கோடையில் காற்றேறி வடக்கே வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வடக்கு மாநிலங்களில் நோய் தலைகாட்டும் நாள் பத்து நாள்போலத் தள்ளிப்போனது. கோதுமை முற்றும் தறுவாயில் பத்து நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. கதிர் பால்பிடித்துத் திரண்டுவிட்டால் பாதி பிழைத்த மாதிரி. அதைவிட முக்கியமானது, புதுப்புது வகைத் துருக்கள் முளைப்பது குறைந்தது. வகைகள் நிலைத்து நின்றதால், எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தை உருவாக்குபவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஒழிப்பு முழுமையாகாத இடங்களில் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1939-ல் அயோவாவில் பார்பெரிக்கு அருகே முதலில் கண்ணில் பட்ட 15பி என்ற வகை, பத்து ஆண்டு அடங்கிக் கிடந்துவிட்டு 1950-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் டூரம் கோதுமையை அடித்து நொறுக்கியது.

இந்தக் கதையைப் படித்த எவருக்கும் அடுத்துத் தோன்றுவது, நாமும் இதையே செய்தால் என்ன என்பதுதான். நீலகிரியிலும் பார்பெரி இனம் இருக்கிறது, இமயத்தில் பல இனங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் மலையிலிருந்து மலைக்கு ஆள்விட்டு வெட்டச் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட ஏதுமில்லை. அப்படி நடக்காமல் காத்தவர் என்று ஆக்ராவின் கே.சி.மேத்தாவைச் சொல்லலாம். ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரான அவர் 1920-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு அலைந்தார். சிம்லாவின் ஃப்ளவர்டேலில் துரு ஆய்வுக்கூடம் வைத்தார். சமவெளியின் கோடை வெயிலில் சிவப்பு வித்து பிழைக்காது என்று நிரூபித்தார். அப்படியானால் அடுத்த கார்த்திகை, மார்கழியில் சமவெளிக் கோதுமைக்கு நோய் எங்கிருந்து வருகிறது? பார்பெரியிலிருந்து இல்லை என்பது அவர் கண்ட விடை. இமயத்துப் பார்பெரி இலைகளில் ஆரஞ்சுக் கிண்ணங்கள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் வேறு புற்களின் துருவுக்குச் சொந்தமானவை. இங்கே கோதுமைத் துருவின் ஆண்டுச் சுற்றில் பார்பெரிக்குப் பங்கு இல்லை. நோய் தங்குமிடம் மலைகளில், மலைக் கோதுமையிலேயே இருந்தது. வடக்கே இமயம். தெற்கே நீலகிரியும் பழனி மலையும்.

தமிழ்நாட்டு வாசகர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கோதுமை நம் நினைப்பில் வடக்கத்திப் பயிர். நர்மதைக் கரையின் தண்டுத் துருவுக்குக் கோடைக்கால இருப்பிடம் ஊட்டியும் கொடைக்கானலும் என்றால் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். நீலகிரியில் படுகர்கள் கோதுமையும் வாற்கோதுமையும் விளைவித்த காலம் உண்டு. மலையின் குளிர்ச்சியில் ஏதாவது ஒரு கோதுமை எப்போதும் வயலில் நின்றது, அதில் துருவும் நின்றது. அங்கிருந்து மத்திய இந்தியாவுக்கு அது போகும் வழியை 1970-களில் எஸ்.நாகராஜனும் உடன் வேலை பார்த்தவர்களும் வானிலைப் படங்களைக் கொண்டு வரைந்தார்கள். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலில் உருவாகும் புயல் தென்னிந்தியாவுக்குள் நுழைகிறது. அந்தச் சுழற்சி மலையின் வித்துகளை மேலே தூக்குகிறது. தென்மத்திய இந்தியாவின் மேல் காற்றழுத்தம் ஒரு குறிப்பிட்ட விதத்தில் அமைந்துவிட்டால் அவை வடக்கே இழுபடுகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் மழை பெய்தால் கோதுமையின் மேல் இறங்கிவிடுகின்றன. இந்த நிபந்தனைகளுக்கு இந்தியத் தண்டுத் துரு விதிகள் என்றே பெயர். சென்னையில் பள்ளிக்கு விடுமுறை விடும் அதே புயல் மத்தியப் பிரதேசத்துக் கோதுமைக்கு நோயைக் கொண்டுபோகக்கூடும்.

மத்திய இந்தியா இதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. நர்மதைப் பள்ளத்தாக்கில் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை கருகிக் கிடந்ததைத் தக்கர் எனும் வழிப்பறிக் கும்பலை ஒழித்ததற்குப் பெயர்போன ஸ்லீமன் 1844-ல் வெளிவந்த தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1946-47-ல் வந்த தொற்றில் 20 லட்சம் டன் கோதுமை போனதாகக் கணக்கு. நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில், ரேஷன் அரிசிக்கும் கோதுமைக்கும் மக்கள் வரிசையில் நின்ற நேரத்தில்.

மேத்தா ஒரு யோசனை சொன்னார். நீலகிரி, பழனி மலைகளில் பருவம் தப்பிய கோதுமையைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்து, தானாக முளைத்த செடிகளையும் களைந்துவிட்டால் துருவின் தங்குமிடம் அற்றுப்போகும். தாவரவியல் கணக்கில் பிழையே இல்லாத யோசனை. ஆனால் மலையில் கால் ஏக்கர் கோதுமை போட்டு அதைத் தின்று வாழ்ந்த குடும்பத்திடம், தூரத்து நர்மதைக்காக உன் விதைப்பை நிறுத்து என்று எந்த முகத்தோடு சொல்வது? நஷ்டஈடு யார் கொடுப்பது, மத்திய மாகாணமா சென்னை மாகாணமா? நோயின் இரண்டு முனைகளும் இரண்டு நிர்வாகத்தின் கீழ் இருந்தால் வரும் சிக்கல் இது. பிற்பாடு எடுத்த வழி எனக்குச் சரியானதாகப் படுகிறது. 1954-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் கோதுமை ஆய்வு நிலையம் தொடங்கியது. ஆண்டில் பெரும்பகுதி துரு தானாகவே வந்துவிடும் இடம் என்பதால், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கோதுமை வரிசைகள் அங்கே கொண்டுவரப்பட்டு, துருவின் நடுவில் நட்டுப் பார்க்கப்படுகின்றன. தாங்கியவை மேலே போகும், விழுந்தவை கழியும். துருவை எதிர்க்கும் ரகங்களை அங்கே உருவாக்கினார்கள். மலைக்காரரின் விதைப்பைத் தடுக்காமலே மலையின் துருவைக் கட்டுப்படுத்த வழி பிறந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, அமெரிக்காவுக்குப் பார்பெரி என்றால் நமக்கும் பார்பெரி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது என்பதுதான். ஒரே பூஞ்சை ஓரிடத்தில் இரண்டு செடியில்லாமல் வாழாது, வேறோரிடத்தில் ஒன்றை வைத்துக்கொண்டே காலம் தள்ளும். எந்த இடத்தில் எப்படி என்பதை அந்த இடத்திலேயே போய்ப் பார்த்தால்தான் தெரியும். முடிந்துபோன விஷயம் என்று எதையும் கோப்பை மூடவும் முடியாது. கோதுமையின் மஞ்சள் துருவுக்கு இரண்டாவது செடியே கிடையாது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் நினைத்திருந்தார்கள். அதற்கும் பார்பெரிதான் என்று அமெரிக்காவின் செயின்ட் பாலில் உள்ள தானிய நோய் ஆய்வகம் 2010-ல்தான் வெளியிட்டது. சுவீடன் 1994-ல் பார்பெரித் தடையை எடுத்தது. இப்போது அங்கே பார்பெரியில் கலந்து பிறந்த தண்டுத் துரு வகைகள் கோதுமை வயலில் நடமாடுகின்றன. பிரிட்டனில் இன்னொரு வேடிக்கை. பார்பெரி இலையை மட்டுமே தின்று வாழும் ஓர் அந்துப்பூச்சி அழிவின் விளிம்புக்குப் போனதால், அதைக் காப்பாற்றப் பார்பெரி வேலி நடுகிறார்கள். 2013-ல் சஃபோக் மாவட்டத்தில் ஒரே ஒரு கோதுமைச் செடியில் தண்டுத் துரு தென்பட்டது. ஏறத்தாழ 60 ஆண்டுகளில் அந்நாட்டில் முதல்முறை. பூச்சியை நேசிப்பவரும் கோதுமையை நேசிப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வயலிலிருந்து எவ்வளவு தள்ளி நடலாம் என்று பேச வேண்டிய நிலை. பேசுகிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல்.

இரண்டாவது செடியைத் தேடிக் கிடைக்காத கதையும் நமக்குச் சொந்தமாக ஒன்று உண்டு. 1869-ல் இலங்கையில் காப்பி இலைத் துரு தலைகாட்டியது. இருபது ஆண்டுக்குள் மலையகத்தின் காப்பித் தோட்டங்கள் படுத்தன, தேயிலை வந்தது. காப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தீவுக்குப் போன குடும்பங்களின் வாழ்க்கை அதோடு புரண்டது. அந்தப் பூஞ்சை விடும் நுண்வித்து காப்பி இலையில் ஒட்டுவதில்லை. அது வேறு எந்தச் செடியைத் தேடுகிறது என்பது 150 ஆண்டுகள் கடந்தும் பிடிபடவில்லை.

அந்த விடை கிடைக்கவில்லை. கம்பின் விடையோ கையில் இருக்கிறது. கம்புக்குக் கத்திரி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தோம்?

கத்திரியை ஒழிக்கலாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பார்பெரி ஒரு வேலிப் புதர். கத்திரி நம் குழம்பு. கண்டங்கத்தரியும் சுண்டையும் போன்ற அதன் உறவுகளையும் தரிசெங்கும் தேடிப் பிடுங்க முடியாது. வெட்டுக்கத்தியை எடுக்க முடியாத இடத்தில் கண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தக் கண்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் கம்பு வேளாண்மைத் துறையின் பயிர். கத்திரி தோட்டக்கலைத் துறையின் பயிர். வட்டாரத்தில் இருவருக்கும் தனித்தனி உதவி இயக்குநர், தனித்தனி இலக்கு, தனித்தனி மானியக் கணக்கு. கத்திரி இலையில் மஞ்சள் வட்டத்தைப் பார்க்கிற தோட்டக்கலை அலுவலருக்கு அது சில்லறை நோய். காய்ப்புழுவும் சிற்றிலை நோயும் தலைக்கு மேல் இருக்கும்போது அதை எழுதிக்கொண்டிருக்க மாட்டார். அதில் தவறும் இல்லை, கத்திரிக்கு அதனால் பெரிய சேதம் வருவதில்லை. அந்த வட்டம் ஒரு செய்தியாவது பக்கத்து வயல்காரருக்குத்தான். அவரோ வேறொரு துறையின் பயனாளி. ஆராய்ச்சியிலும் இதே பிரிவினை. கம்புக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டத்தின் தலைமை ஜோத்பூர் மண்டோரில். காய்கறிகளுக்கான தலைமை வாராணசியில். கிராம அளவில் இரு துறை அலுவலர்களையும் சேர்ந்து இயங்கவைக்கும் முயற்சிகள் அவ்வப்போது வருகின்றன, வரவேற்கிறேன். ஆனால் மானியத்தைச் சேர்ந்து கொடுப்பது வேறு, நோயைச் சேர்ந்து பார்ப்பது வேறு.

கம்புக்குத் துரு ஒரு பெரிய நோயா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அடிச்சாம்பல் நோயும் தேன் ஒழுகல் நோயும் செய்யும் நாசத்தோடு ஒப்பிட்டால் தானிய விளைச்சலில் துருவின் கை சிறியதுதான். பெரும்பாலும் கதிர் வந்த பிறகுதான் வருகிறது. ஆனால் இளம் பருவத்திலேயே வந்துவிட்டால் கதை மாறும். தீவனத்துக்கென்று கம்பு போடுபவருக்கு எந்தப் பருவத்தில் வந்தாலும் இழப்புதான். துருப்பிடித்த தோகை சீக்கிரம் காய்ந்துவிடும், மாட்டுக்கு அதில் சத்தும் குறைவு, செரிமானமும் குறைவு. எனக்கு உள்ள கவலை இன்றைய சேதத்தைப் பற்றியது அல்ல. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவிக்க முன்னின்று கேட்டது இந்தியா. தமிழ்நாட்டின் தனி வேளாண் நிதிநிலை அறிக்கைகளும் சிறுதானியத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. கம்பு மானாவாரிக் கொல்லையில் ஆடியிலும் புரட்டாசியிலும் மட்டும் விதைக்கப்படுவதில்லை; இறவையில் மாசிப் பட்டமும் சித்திரைப் பட்டமும் இருக்கின்றன. கிணறு இருக்கும் இடத்தில்தான் கத்திரியும் ஆண்டு முழுக்க நிற்கும். இறவைக் கம்பும் இறவைக் கத்திரியும் ஒரே கிணற்றைச் சுற்றி வளர்ந்தால், பூஞ்சையின் இரண்டு வீடுகளையும் நாமே வரப்பளவு இடைவெளியில் கட்டிக்கொடுத்ததாக ஆகும். கலப்பு நடக்கும் செடி அருகில் இருந்தால் எதிர்ப்பு ரகம் எவ்வளவு சீக்கிரம் தோற்கிறது என்பதை அமெரிக்கக் கோதுமை காட்டிவிட்டது. கம்பில் துரு எதிர்ப்புக்காக உழைத்து ஒரு வீரிய ஒட்டு ரகத்தைக் கொண்டுவந்து, அது சில பருவத்தில் சரிந்தால், காரணத்தைக் கம்பு வயலில் மட்டுமே தேடிக்கொண்டிருப்போம்.

ஆகவே கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. பயிர்நோய் கணக்கெடுப்புப் படிவத்தில் கம்புத் துருவைக் குறிக்கும்போது, பக்கத்தில் கத்திரி இருக்கிறதா, எவ்வளவு தூரம், அதன் இலையடியில் கிண்ணம் இருக்கிறதா என்று மூன்று கட்டங்களைக் கூட்ட வேண்டும். கத்திரிப் படிவத்தில் அதே கேள்விகளைக் கம்புக்காகத் திருப்பிக் கேட்க வேண்டும். நுண்வித்தும் கிண்ணத்து வித்தும் சிவப்பு வித்தைப்போல நூற்றுக்கணக்கான மைல் போவதில்லை, அக்கம்பக்கத்திலேயே விழுகின்றன. எனவே கம்பு விதைக்கும்போது பழைய கத்திரிக்குக் காற்று வீசும் திசையில் அடுத்த வயலைத் தவிர்க்கச் சொல்வதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. காய்த்து ஓய்ந்த கத்திரியை அடுத்த கம்புப் பட்டம் வரை வயலில் விட்டுவைக்கும் பழக்கமும் உண்டு. ஆள்கூலி கொடுத்துப் பிடுங்க மனம் வராது என்பது எனக்கும் தெரியும். அதற்கு ஒரு சிறு ஊக்கத்தொகையை யோசிக்கலாம். பூஞ்சைக்கொல்லி இதில் கடைசி. கத்திரியில் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குத் தெளித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊர்களில் கத்திரி உண்மையிலேயே கம்புத் துருவின் புது வகைகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறதா, அல்லது ஏதாவது ஒரு மாவட்டத்தில் எப்போதும் கம்பு நிற்பதால் சிவப்பு வித்து ஒன்றே போதுமென்று பூஞ்சை கத்திரியை ஏறெடுத்தும் பாராமல் காலம் தள்ளுகிறதா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். மேத்தா பார்பெரிக்குச் செய்தது இதைத்தான். அவர் கையில் நுண்ணோக்கியும் ரயில் டிக்கெட்டும்தான் இருந்தன. இன்று மரபணுவைப் படித்தே ஒரு துரு கலந்து பிறந்ததா, பெருகிப் பரவியதா என்று சொல்லிவிட முடியும். விடை கத்திரிக்குச் சாதகமாக வந்தால் மேலே சொன்ன கட்டங்களை அழித்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜோத்பூரும் வாராணசியும் கடிதம் எழுதிக்கொள்ளும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் சிறுதானியத் துறையும் காய்கறித் துறையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. வரும் புரட்டாசிப் பட்டத்துக் கம்பில் துரு விழும்போது இரண்டு துறையிலிருந்தும் ஆளுக்கொருவர் ஒரே வண்டியில் கிளம்பினால் போதும்.